கிரேன் கொண்டா

அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இரண்டாவது தலையணையைச் செருகிக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையில் அண்ணன் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்வது சின்னவளின் காதில் விழுந்தது. மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஆனால் ஸ்ட்ரெச்சரைக் கொஞ்சம் நிமிர்த்தித்தான் உள்ளே ஏற்ற வேண்டும். ஆள் கனமில்லை, முன்பு கனமாக இருந்தவர். விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் பிரிவுக்கு அண்ணன்தான் மேற்பார்வையாளன். எந்தச் சுமையைப் பற்றியும் குரல் நடுங்காமல் அவனால் பேச முடியும்.

அவள் தலையணையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள்.

“யாரக் கேட்டு ஆம்புலன்ஸ வரச்சொன்ன?”

“யாரக் கேக்கணும்? ராத்திரி பூரா மூச்சு எப்படி இழுத்துச்சுன்னு நீயும்தானே பாத்த?”

“டாக்டர் என்ன சொன்னாரு? அங்க போனா குழாய் போட்டு இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாம், வீட்ல இருந்தா அவரு பாட்டுக்கு அமைதியாப் போவாரு, நீங்களே பேசி முடிவு பண்ணுங்கன்னாரு.”

“அதான் முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு நாம எதுவுமே செய்யலன்னு ஆயிடக் கூடாது.”

“அது உன் முடிவு. அப்பாவக் கேக்க வேணாமா?”

சொன்ன பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் யாராலும் செய்ய முடியாத ஒரே காரியம் அப்பாவைக் கேட்பதுதான்.

போன வருடம் வந்த பக்கவாதம் அப்பாவின் வலது கையையும், ஒரே ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொற்களையும் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது ‘சரி’. சூப் குடிக்கிறீங்களா என்றால் சரி. வேணாமா என்றாலும் சரி. முதல் வாரத்தில் அது வேடிக்கையாகக்கூட இருந்தது. இத்தனை வருடம் எதற்கும் மறுத்துப் பேசிய மனிதர் இப்போதுதான் வழிக்கு வந்திருக்கிறார் என்று அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் ஒருநாள் கொதிக்கிற காபியை நீட்டி, “சூடு போதுமா?” என்று கேட்டாள். அவர் சரி என்றார். குடித்தார். உதடு வெந்து கண்ணில் நீர் வந்தபோதும் சரி, சரி என்றுதான் கத்தினார். அன்றிலிருந்து யாரும் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கட்டடங்களில் மாடிக்கும் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம், கதவு திறக்கும்வரை வெளியிலிருந்தே பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார். உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள் வெளியே வரும்போது சிரித்துக்கொண்டே வருவார்கள் என்று அவர் வேலைபார்த்த கம்பெனியில் ஒரு பெயர் இருந்தது. அப்படிப்பட்டவருடைய வாய்க்குத்தான் இந்தப் பூட்டு.

அம்மா அப்பாவின் அறையில், ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து துவைத்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இருவரும் முறைத்துக்கொண்டு வந்து நின்றதும் தலை நிமிராமலே சொன்னாள்: “அவரையே கேளுங்க.”

“அம்மா, அவரு எல்லாத்துக்கும் சரிம்பாரு.”

“அதுக்காகக் கேக்காம இருக்கலாமா?”

அண்ணன் பெருமூச்சு விட்டான். கட்டில் பக்கத்தில் குனிந்தான். “அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?”

“சரி.”

“பாத்தியா?”

“இரு,” என்றாள் சின்னவள். “அப்பா, வீட்லயே இருந்துக்கலாமா?”

“சரி.”

“பாத்தியா?” என்று இவளும் சொன்னாள். இருவருமே தோற்ற முகத்தோடு நின்றார்கள். ஆனால் முதல் ‘சரி’ வருவதற்கு முன்னால் அப்பாவின் உதடுகள் வேறு எதற்கோ குவிந்ததையும், இடது கை விரல்கள் போர்வையை முறுக்கியதையும் அவள் கவனித்திருந்தாள். இருட்டு அறையில் சாவியைத் தேடுகிறவரைப் போல அவர் எதையோ தேடினார். கைக்குக் கிடைத்தது அந்த ஒரு சொல்தான்.

“பாலத்துல வேலை நடக்குதாம். வண்டி வரக் கொஞ்சம் நேரமாகும்,” என்று சொல்லிவிட்டு அண்ணன் பை எடுத்துவைக்கப் போனான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லியிருந்தாள். “புதுசா ஒரு வார்த்தையத் தேடி எடுக்கிறது அவருக்குக் கஷ்டம். ஆனா திரும்பத் திரும்ப வாயில ஓடினது, பாட்டோ, பிரார்த்தனையோ, திட்டோ, அது சில பேருக்குத் தானா வந்துடும்.” அவர்கள் எல்லாவற்றையும் முயன்று பார்த்தார்கள். அப்பாவுக்குப் பாட்டுக்கும் காததூரம், கடவுளுக்கும் காததூரம். கடைசியில் அம்மா ஒருநாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, திறக்காத லிஃப்ட் கதவுகளை அவர் திட்டும் அத்தனை கெட்ட வார்த்தைகளையும் வரிசையாக ஒப்பித்திருக்கிறாள். அப்பா வயிறு குலுங்கச் சிரித்தாரே தவிர, ஒன்றையும் திருப்பிச் சொல்லவில்லை.

அடுத்த அறையில் அண்ணன் அலமாரியை இழுத்துச் சாத்தும் சத்தம் பெரிதாகக் கேட்டது. அது அப்பாவின் காதில் விழவேண்டாமே என்று சின்னவள் டிவியைப் போட்டாள். திரையில் முதலில் வந்து நின்றது ‘கலங்கரை வீடு’. புதிய சீசன் தொடங்கிவிட்டது என்று பளபளவென்று ஒரு விளம்பரம்.

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் கை ரிமோட்டோடு அப்படியே நின்றது. அந்த முகத்திருப்பல் அவளுக்குத் தெரியும். இருபது வருடப் பழைய முகத்திருப்பல் அது.

கலங்கரை விளக்கத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் கார்ட்டூன் கதை அது. கப்பலே வராத கடற்கரை. ஆனாலும் குண்டு அப்பா தினமும் விளக்கேற்றுவார். அவருடைய மனைவி, இரண்டு பிள்ளைகள், மேல்மாடியில் ஒண்டிக் குடித்தனம் இருக்கும் ஒரு கடற்காக்கை. சின்னவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் தொடங்கி இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. வாரம் ஒருமுறை, அப்பா வேலை முடிந்து கிரீஸ் கையோடு ஓடிவந்து உட்காரும்வரை வீட்டில் யாரும் டிவியைப் போடக் கூடாது. பிறகு கதையில் அந்தக் குடும்பம் நகரத்து அடுக்குமாடிக்குக் குடிபோனது. குண்டு அப்பா இளைத்தார், அவருக்குக் குரல் கொடுத்தவரும் மாறிப்போனார். “வீட்டையே காலி பண்ணிட்டானுங்க. இனிமே என்ன கலங்கரை வீடு?” என்று அப்பா அன்றோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆரம்ப காலப் பகுதிகளை மட்டும், எங்கே எப்போது போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பார். மனப்பாடம்.

“அப்ப உங்களுக்குப் புரியுது,” என்றாள் அவள், மெல்லிய குரலில். “புதுசுன்னா பிடிக்கலன்னு உங்களுக்குத் தெரியுது.”

சீசன்களின் பட்டியலில் இறங்கினாள். இறங்கி இறங்கி, அடியில் இருந்த முதல் சீசனுக்கு வந்து, முதல் பகுதியைத் தொட்டாள்.

கோடுகள் நடுங்கின. குண்டு அப்பாவின் ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சின்னதாகவும் இருந்தது. அலைகள் பாத்திரம் கழுவும் நுரைபோல இருந்தன. இவ்வளவு மோசமாகவா வரைந்திருந்தார்கள் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அந்தக் கரகரத்த குரல் பேச ஆரம்பித்ததும் அப்பாவின் முகம் சுவரிலிருந்து திரும்பியது.

கடற்காக்கை படியேறி வந்து கதவைத் தட்டியது. அப்பா சிரித்தார்.

நகைச்சுவை இன்னும் வரவில்லை. கதவு திறந்து, குண்டு அப்பா எட்டிப் பார்த்து, காக்கை வாயைத் திறந்த பிறகுதான் அது வந்தது. அதற்குள் அப்பா சிரித்து முடித்திருந்தார்.

சின்ன வயதில் இதற்காக எத்தனை சண்டை! “அப்பா முன்னாடியே சிரிச்சுக் கெடுத்துடறாரும்மா!” என்று அண்ணன் அழுவான். இப்போது அவள் “அண்ணா!” என்று கத்திய கத்தலில் அவன் கையில் பற்பசையோடு ஓடிவந்தான்.

“என்னாச்சு?”

“பாரு. பேசாமப் பாரு.”

“டிவி பாக்குற நேரமா இது?”

“அப்பாவப் பாரு.”

அடுத்ததற்கும் அப்பா முன்கூட்டியே சிரித்தார். அதற்கடுத்த ஒன்றில், எல்லோரும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவில்லை. அது அவருக்கு எப்போதுமே பிடிக்காத ஜோக். அண்ணன் பற்பசையைப் பிடித்தபடியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, தன்னை அறியாமல், “இப்பத் தொப்பி கலர் மாறும் பாரு,” என்றான். நீலத் தொப்பி அடுத்த காட்சியில் பச்சையானது. அம்மாகூட மடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

“சிரிக்கிறாரு, நல்லதுதான்,” என்றான் அண்ணன் சுதாரித்துக்கொண்டு. “அது பழக்கதோஷம். இத வச்சு அவரு என்ன நினைக்கிறாருன்னு எப்படிச் சொல்ல முடியும்?”

அவள் டிவி பக்கம் திரும்பினாள்.

திரையில் குண்டு அப்பாவின் மனைவி புறப்பட்டு நின்றாள். தம்பி வீட்டில் விருந்து, நேரமாகிறது, கிளம்புங்கள் என்றாள். ஒவ்வொரு பகுதியிலும் அவள் எங்காவது கூப்பிடுவாள். ஒவ்வொரு பகுதியிலும் குண்டு அப்பா சோபாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதே வசனத்தைத்தான் சொல்வார். நகரத்துக்குப் போன பிறகு அந்த வசனம் காணாமல் போய்விட்டது. அது இல்லாமல் போனதுதான் அப்பாவுக்குப் பெரிய குறை.

“நான் வரணும்னா கிரேன் கொண்டா!” என்றார் குண்டு அப்பா.

அப்பாவின் உதடுகள் கூடவே அசைந்தன. சத்தம் வரவில்லை. சின்னவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் பார்த்தானா இல்லையா என்று தெரியவில்லை. அதற்குள் வாசல் மணி அடித்தது.

வந்தவர்கள் இருவர். நரைத்த முடியைக் கத்தரித்துவிட்டிருந்த ஒரு பெண்மணி, கூடவே ஒல்லியான ஓர் இளைஞன். அண்ணன் டிவியை அணைத்தான். அவர்கள் ஸ்ட்ரெச்சரைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினார்கள். அப்பாவுக்குக் கீழே விரிப்பைத் தள்ளினார்கள். அறையில் விரிப்பு சரசரக்கும் சத்தம் மட்டும். அந்தப் பெண்மணி குனிந்து, அப்பாவின் கண்ணுக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்து, “ஐயா, உங்கள மெதுவாத் தூக்கி இதுல மாத்தப்போறோம். போலாமா?” என்று கேட்டாள்.

எல்லோரும் அந்தச் ‘சரி’க்காகக் காத்திருந்தார்கள்.

அது வரவில்லை. அப்பாவின் இடது கை மெல்ல நகர்ந்துபோய்க் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடுகள் குவிந்தன, விரிந்தன, மறுபடி குவிந்தன.

“கி... கிரேன்...” என்றார் அப்பா. மூச்சு வாங்கினார். “கொண்டா.”

இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். “கிரேனா? ஏன் சார், நாங்க ரெண்டு பேரு பத்தாதா?”

அம்மாவின் மடியிலிருந்த சட்டைகள் தரையில் விழுந்தன.

அண்ணன் முழங்காலிட்டு உட்கார்ந்தான். டிவி அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். “அப்பா. நான் கேக்குறேன். நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?”

“கிரேன் கொண்டா.” இந்தத் தடவை இன்னும் தெளிவாக வந்தது.

“வீட்லயே இருக்கீங்களா?”

“சரி.”

“அங்க போனா இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம்ப்பா. போலாமா?”

“கிரேன்.”

“அப்ப வீடுதானா?”

“சரி.” அதைச் சொன்ன விதத்தில், இதை எத்தனை தடவைதான் கேட்பாய் என்பதும் இருந்தது.

அண்ணன் இன்னும் கிட்டக் குனிந்தான். “ஒரு தடவையாவது என் பேச்சக் கேப்பீங்களா நீங்க?”

அப்பா அவனையே பார்த்தார். வாயின் ஒரு பக்கம், நகரக்கூடிய அந்த ஒரு பக்கம், மேலே ஏறியது. “கிரேன்,” என்றார்.

அண்ணன் வெடித்துச் சிரித்தான். சிரித்தபடியே அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியதில் எது சிரிப்பு எது மற்றது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சின்னவள் அழவில்லை. பந்தயத்தில் குதிரையை முதலில் கொண்டுவந்து நிறுத்தியவளைப்போல இடுப்பில் கைவைத்து நின்றாள். மூச்சு மட்டும் வாங்கியது.

“ஐயா தெளிவாச் சொல்லிட்டாருங்க,” என்றாள் அந்தப் பெண்மணி, விரிப்பை உருவிச் சுருட்டியபடி. “வரமாட்டேங்கிறவங்களத் தூக்கிட்டுப் போற வேலை எங்களுக்கு இல்ல.” வாசல்வரை போனவள் திரும்பி வந்து அப்பாவின் கையைத் தொட்டு, “நிம்மதியா இருங்க ஐயா,” என்றாள்.

“சரி,” என்றார் அப்பா.

அதன்பிறகு அந்த அறை கல்யாண வீடு மாதிரி ஆனது. ஒரு வருடமாகக் கேட்க முடியாமல் கிடந்த கேள்விகளையெல்லாம் அம்மா கொண்டுவந்து கொட்டினாள்.

“இந்தப் பச்சை ஸ்வெட்டர் பிடிச்சிருக்கா?”

“கிரேன்.”

“அடப்பாவமே! குளிர் பூரா இதத்தானே போட்டுவிட்டேன்! ஜன்னலத் திறக்கவா?”

“சரி.”

“காலையில ரேடியோ வைக்கிறேனே, அது வேணுமா?”

“கிரேன்.”

“என் தங்கச்சி உங்களப் பாக்க வரணும்ங்கிறா. வரச்சொல்லட்டுமா?”

“கிரேன் கொண்டா!”

“நினைச்சேன்,” என்றாள் அம்மா. அண்ணன் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அம்மா குனிந்தாள். கீழே விழுந்த சட்டைகளில் ஒன்றை எடுத்து உதறினாள். உதறிக்கொண்டே, யாரையோ கேட்பதுபோலக் கேட்டாள்: “என்னைக் கட்டிக்கிட்டது தப்புன்னு எப்பவாவது தோணியிருக்கா?”

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். காலமெல்லாம் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று பேசியவர் அல்லவா. அம்மாவின் கை சட்டையோடு அந்தரத்தில் நின்றது.

“கிரேன்,” என்றார் அப்பா. பிறகு, முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல மூச்சைக் கூட்டிக்கொண்டு, “கொண்டா.”

அம்மா திரும்பி உட்கார்ந்து அந்தச் சட்டையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அண்ணன் பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தான். வேலையிடத்துக்குப் போன் போட்டு, இன்று வரமாட்டேன், நாளையும் வரமாட்டேன் என்றான். சின்னவள் வேலைபார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. அவள் எடுக்கவில்லை. பிறகு மூவரும் கட்டிலைச் சுற்றி இடம்பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் தரையில், சின்னவள் கால்மாட்டில், அம்மா நாற்காலியை நகர்த்திப் போட்டு அப்பாவின் இடது கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு. ‘கலங்கரை வீடு’ விட்ட இடத்திலிருந்து தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. குண்டு அப்பா கப்பல் வந்துவிட்டதென்று திமிங்கிலத்துக்கு வழிகாட்டினார். பிள்ளைகள் கலங்கரை விளக்கத்துக்குக் கோடு போட்ட பைஜாமா தைத்து மாட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் அப்பா முன்கூட்டியே சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள், பிறகு ஜோக் வந்ததும் இன்னொருமுறை சிரித்தார்கள். நடுவில் அண்ணன், “நாம இதெல்லாம் அப்ப ஒழுங்காவே பாக்கல போலிருக்கே,” என்றான்.

பிற்பகலில் அப்பாவின் சிரிப்பு மூச்சளவுக்குக் குறைந்தது. வலி இருக்கா என்று அம்மா கேட்டாள். “கிரேன்,” என்றார், உதட்டால் மட்டும். கண் மூடிக்கொண்டது. சின்னவள் ஒலியைக் குறைக்கப் போனாள். இருக்கட்டும் என்று அம்மா தலையாட்டினாள்.

கடற்காக்கைக்கு மூக்குக்கண்ணாடி வாங்கிக்கொடுக்கும் பகுதி வந்தது. கண்ணாடி போட்டதும் காக்கை முதன்முறையாகக் கடல் எவ்வளவு பெரியது என்று பார்த்துவிட்டு மயங்கி விழும். வாடிக்கையாளர்களுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு முகம் பார்க்கும் வேலையில் தினமும் இருப்பவள் என்பதால் சின்னவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணனும் துடைத்துக்கொண்டான். பகுதி முடிந்து, பெயர்கள் ஓடத் தொடங்கி, அந்த டிங்கிடிங்கி இசை வந்தது. அவள் அடுத்ததைப் போட ரிமோட்டை எடுத்தாள்.

“இரு,” என்றாள் அம்மா. “பாட்டு முடியட்டும்.”

அவள் குரலில் எதுவுமில்லை. அப்பாவின் கை இன்னும் அவள் கைக்குள் இருந்தது. மேலே இருந்த கையால் அதை அவள் நீவிக்கொண்டிருந்தாள், நெடுநேரமாக நீவிக்கொண்டிருப்பவளைப் போல. சின்னவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவை. காக்கை மயங்கி விழுவதற்கு முன்பே அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் சிரித்து முடிக்கட்டும் என்று இருந்திருக்கிறாள்.

இசை முடிந்தது. திரை இருண்டது. திறந்திருந்த ஜன்னல் வழியாகத் தெருவின் சத்தங்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.

மறுநாள் இறுதிச் சடங்குக் கூடத்தில், அப்பாவின் கம்பெனி ஆட்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள். கடைசியில் ரொம்பக் கஷ்டப்பட்டாரா என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “இல்லை” என்று அண்ணன் தொடங்கினான். ஸ்ட்ரெச்சர் வந்ததைச் சொன்னான், கட்டில் சட்டத்தைப் பிடித்ததைச் சொன்னான், ஒல்லி இளைஞனின் குரலில் ‘நாங்க ரெண்டு பேரு பத்தாதா’ என்று பேசியும் காட்டினான். முதலில் ஒருவர் மூக்கைப் பொத்தினார். பிறகு சுவரோரம் முழுவதும் குலுங்கியது. பக்கத்துக் கூடத்தில் யாருக்கோ அழுதுகொண்டிருந்தவர்கள் வந்து எட்டிப்பார்த்தார்கள். அவர்களுக்கும் அண்ணன் முதலிலிருந்து சொன்னான். அம்மா முன்வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தாள். பரிசு வாங்கக் கூப்பிடப்போகிறார்கள் என்பதுபோல அவள் முகம் இருந்தது.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. கட்டிலைச் சுற்றியிருந்த மருந்துகளைச் சின்னவள் ஒரு பைக்குள் போட்டாள். அண்ணன் சமையலறையில் ரொட்டியை வாட்டுகிறேன் என்று கருக்கிக்கொண்டிருந்தான். அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

“எங்கம்மா?”

“சும்மா. ஒரு நடை போயிட்டு வரேன்.”

“நானும் வரட்டுமா?”

“வேணாம்.”

கதவு சாத்திக்கொண்டது. அண்ணனும் தங்கையும் ஜன்னலுக்கு வந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா கீழே தெருவில் தெரிந்தாள். நிழல் இருந்த பக்கத்தை விட்டுவிட்டு வெயில் விழுந்த பக்கமாகப் போனாள். முதலில் மெதுவாக, பிறகு கையை வீசிக்கொண்டு. முனையில் நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு எரிந்தது. மற்றவர்கள் கடந்தார்கள். அவள் மட்டும் முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். விளக்கு சிவந்தது. வண்டிகள் போயின. மறுபடி பச்சை வந்ததும் தெருவைக் கடந்து, பூங்கா இருக்கும் பக்கமாகத் திரும்பினாள்.

“ரொட்டி கருகுது,” என்றாள் சின்னவள்.

“ம்,” என்றான் அண்ணன். இருவரும் ஜன்னலிலேயே நின்றார்கள்.